நிம்பஸும் முப்பத்தெட்டு செக்கனும்

கனகசபையின் மோட்டார் சைக்கிள் அவரைவிட ஒன்பது வயது மூத்தது. 1952ஆம் ஆண்டு கொப்பன்ஹேகனில் செய்த நிம்பஸ். சிவப்பு நிறம், நாலு சிலிண்டர், வலது பக்கத்தில் ஓர் ஆள் காலை நீட்டிக்கொண்டு இருக்கக்கூடிய ஒரு தொட்டி. ஒரு காலத்தில் இந்த நாட்டுத் தபால்காரர்கள் இந்த மாதிரி வண்டியில்தான் பொதிகளைக் கொண்டு திரிந்தார்களாம். அவர் இருக்கும் பிராண்டே ஊர்த் தமிழர்கள் அந்தத் தொட்டிக்குத் ‘தொட்டில்’ என்று பெயர் வைத்தார்கள். அவருடைய மனைவி சுசீலாதேவி வண்டி முழுவதற்குமே ஒரு பெயர் வைத்திருந்தாள்: மூத்த தாரம்.

“மூத்த தாரத்துக்குச் சாப்பாடு குடுத்தாச்சோ? அப்ப கையைக் கழுவிப்போட்டு வாருங்கோ, எங்களுக்கும் பசிக்குது” என்பாள், அவர் எண்ணெய் போத்தலோடு கொட்டிலிலிருந்து வரும்போது. முப்பது வருடப் பகிடி. இரண்டு பேருமே சிரிப்பார்கள்.

நல்ல கார் ஒன்று வாசலில் நிற்கிறது. பிறகு எதற்கு இந்தப் பழைய இரும்பு என்று கேட்காத ஆளில்லை. கனகசபை ஆளுக்கொரு பதில் சொல்லுவார். பெற்றோல் குறைவு என்பார். கழற்றிப் பூட்ட லேசு என்பார். புதிய வண்டிக்கு நோய் வந்தால் ஒரு மஞ்சள் விளக்கைக் காட்டிவிட்டுக் கம்மென்று இருந்துவிடும், இதற்கு வலித்தால் வலிக்கிறதென்று சத்தம் போடும் என்பார். எல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையான காரணத்தை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை, அது கொஞ்சம் வெட்கமான காரணம்.

1986இல் டென்மார்க்கில் அகதியாக வந்து இறங்கியவருக்கு இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு துணி ஆலையில் வேலை கிடைத்தது. ஏழு வருடம் ஒரே இயந்திரத்தின் முன்னால் நின்றார். கூட வேலை செய்த டேனிஷ்காரர்கள் திங்கட்கிழமை “ஹை” என்பார்கள், வெள்ளிக்கிழமை “கோ வீக்கெண்ட்” என்பார்கள். ஏழு வருடத்தில் மூன்றாவது வார்த்தை ஒன்று வரவில்லை. அவர்கள் கெட்டவர்களில்லை, என்ன கதைப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஆலையின் மெக்கானிக் ஒருவர் ஓய்வு பெறும்போது தன் வைக்கோல் கொட்டிலில் கிடந்த நிம்பஸை, துண்டு துண்டாக நாலு மரப்பெட்டிகளில், கனகசபையிடம் தள்ளிவிட்டுப் போனார். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த மாமனின் கைப்பழக்கம் கொஞ்சம் இருந்தது. ஒரு மாரிகாலம் முழுக்க இருந்து அதைப் பூட்டினார்.

வசந்தத்தில் முதல் ஓட்டம். பெற்றோல் அடிக்கும் இடத்தில் நாயோடு வந்த ஒரு கிழவர் நின்றார். வண்டியைச் சுற்றி வந்தார். “என் அப்பாவிடம் இருந்தது” என்றார். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் கதைத்தார். அப்பாவைப் பற்றி, போரைப் பற்றி, செத்துப்போன தம்பியைப் பற்றி. கிழவர் வண்டியோடுதான் பேச வந்தார் என்பது கனகசபைக்கு விளங்காமலில்லை. ஆனால் வண்டிக்கு வாயில்லை. பதில் சொல்லும் வேலை அவருக்கு வந்தது. அன்று வீட்டுக்கு வந்தபோது தொண்டை கட்டியிருந்தது, அவ்வளவு டேனிஷ் பேசியிருந்தார்.

அதிலிருந்து அவர் நிம்பஸை விடவில்லை. அது இல்லாமல் தெருவில் நடந்தால் அவர் ஒரு கறுத்த மனிதர், அதன்மேல் இருந்தால் நிம்பஸ்காரர். துணி ஆலை மூடப்பட்டபோது பிராண்டேயில் காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலைக்கு நேர்முகத்துக்குப் போனார். மேலாளர் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து வண்டியைத்தான் முதலில் பார்த்தார். வேலை கிடைத்தது வண்டியால்தான் என்று கனகசபை இன்றைக்கும் நம்புகிறார். மகள் மேனுஜாவைப் பள்ளிக்கூடத்து முதல் நாள் தொட்டிலில் வைத்துத்தான் கொண்டுபோனார். அதுவரை தெருவில் அவளை எட்ட நின்று பார்த்த பிள்ளைகள் அன்று சுற்றி மொய்த்துக்கொண்டார்கள்.

இப்படிச் சோறு போட்டு, பேச்சுக் கொடுத்து, பிள்ளைக்குச் சிநேகிதம் பிடித்துத் தந்த ஒன்றுக்கு வருடத்தில் ஒரு நாள் பூசை செய்யாமல் விடுவதா? சரஸ்வதி பூசையின் கடைசி நாளில், ஊரில் வாகனத்துக்குச் செய்வதுபோல, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டுவார். ஐப்பசியில் டென்மார்க் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மழையும் காற்றுமாக இருக்கும். அதனால் பூசை மரக்கொட்டிலுக்குள்தான். அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, மாரிகாலத்துக்கு வண்டியை நிறுத்துவதற்காக, தாங்கியிலுள்ள பெற்றோலை வடித்து எடுப்பார். முப்பது வருடமாக இந்த ஒழுங்கு மாறியதில்லை. முதலில் பூசை, பிறகு பெற்றோல்.

போன வருடம் மாற்றினார். அடுத்த கிழமை முழுக்கப் பின்னேர வேலை, ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று பார்த்தார். அதிலும் ஒரு சுத்தம் பார்த்தார். பெற்றோலை வடித்து, துடைத்து, பளபளவென்று ஆக்கிவிட்டு அல்லவா சந்தனம் வைக்க வேண்டும். காலையில் முழுவதையும் ஒரு அகலமான நீலப் பிளாஸ்டிக் பேசினில் வடித்தார். கொட்டிலின் பின்பக்கம், வேலை மேசைக்குக் கீழே தள்ளினார். மேலே ஒரு சாக்கைப் போட்டார். இந்த மனிதர் தொழிற்சாலையில் வருடம் தவறாமல் தீப்பாதுகாப்பு வகுப்புக்குப் போய், சான்றிதழை வரவேற்பறையில் மாட்டி வைத்திருப்பவர். இறகு செய்யும் இடத்தில் ஒரு நெருப்புக்குச்சியை எடுத்தாலே பாய்ந்து பிடித்திருப்பார். ஆனால் சாமி கும்பிடும்போது அந்த வகுப்பெல்லாம் யாருக்கு நினைவு வருகிறது?

பகல் இரண்டு மணி. நிம்பஸ் கதவைப் பார்த்தபடி நின்றது. சுசீலாதேவி கத்தரிப்பூ நிற நூல் சேலை உடுத்து, கற்பூரத் தட்டத்தோடு வந்தாள். உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

“பெற்றோல் மணக்குது.”

“மோட்டச்சைக்கிள் நிக்கிற இடத்தில பன்னீரே மணக்கும்? இஞ்சரும், என்ர கை முழுக்கப் பெற்றோல். நான் காட்டக் கூடாது. நீர் காட்டும்.”

அப்படிச் சொன்னபோது, தான் கவனமாக இருப்பதாகத்தான் அவர் நினைத்தார். காற்று வந்து கற்பூரத்தை அணைத்துவிடும் என்று கதவையும் இழுத்துச் சாத்தினார். மணியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால், கதவோரம் நின்றார். சுசீலாதேவி முன்விளக்கிலிருந்து தொடங்கி, தொட்டிலைச் சுற்றி, பின்சக்கரத்துக்குப் போனாள். அதற்குக் காட்டக் குனிந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கனகசபையின் வாயாலேயே கேட்கலாம். அடுத்து வந்த கிழமை முழுக்க அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நோய் வருத்தம் என்றால் பார்க்கப் போவது நம்மவர் வழக்கம். அப்பிளும் தோடம்பழமும் பிஸ்கட் பெட்டியுமாக இக்காஸ்ட்டிலிருந்தும் ஹேர்னிங்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் “என்ன அண்ணை நடந்தது?” என்று கேட்டார்கள். அவரும் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார்.

“இவ குனிஞ்சதுதான் தெரியும். குப்பெண்டு பத்தினது. நிலமெல்லாம் நீல நெருப்பு. நான் கதவை உதைச்சுத் திறந்து, இவவைத் தோளில பிடிச்சு இழுத்துப் புல்லில விட்டிட்டன். பிறகுதான் வண்டியைப் பாத்தன். விட மனம் வரேல்லை, அதையும் ஒரு மூச்சில இழுத்தன். பயப்பிடாதை, ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை எண்டு இவவுக்குச் சொல்லிக்கொண்டே நிண்டன். பத்து நிமிசத்தில கொட்டில் தரைமட்டம்.”

“நீங்கள் நிண்டதாலதான் அக்கா இண்டைக்கு உயிரோட இருக்கிறா” என்பார்கள். கனகசபை தலையைக் குனிந்துகொள்வார். ஒன்று சொல்ல வேண்டும்: அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் அவருக்கு இடது காது சிவக்கும், மேனுஜாவுக்கு மூன்று வயதிலேயே அது தெரியும். அந்தக் கிழமை காது சிவக்கவே இல்லை.

சுசீலாதேவி சோபாவின் மூலையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டாள். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. இரண்டு கையும் மணிக்கட்டுக்கு மேல்வரை வெள்ளைத் துணிக் கட்டு. உள்ளங்கையும் விரல்களும் வெந்துபோயிருந்தன. இருபத்திரண்டு வருடமாக முதியோர் இல்லத்தில் கிழவர் கிழவிகளைத் தூக்கிக் குளிப்பாட்டிய கைகள். வலது கையில் மூன்று விரல் இனி முழுதாக மடங்குமா என்பதைத் தைமாதம்தான் சொல்லலாம் என்றார் மருத்துவர். முதல் நாளே அவர் ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். இரண்டு உள்ளங்கையும் ஒரே மாதிரி வெந்திருக்கிறதே, எதையாவது பிடித்துக்கொண்டு நின்றாயா என்று. “நினைவில்லை” என்றாள் சுசீலாதேவி. கனகசபை பக்கத்தில்தான் நின்றார். அந்தக் கேள்வி அவருக்குள் இறங்கவே இல்லை.

இன்னொன்றும் அவருக்கு இறங்கவில்லை. சுசீலாதேவியால் கோப்பையைப் பிடிக்க முடியாது, யாராவது பருக்க வேண்டும். கனகசபை தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய் வாயருகே பிடித்தால், “சூடு. வையுங்கோ, பிறகு குடிக்கிறன்” என்பாள். கோப்பை ஆறிக் கிடக்கும். கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்து இஷொயிலிருந்து ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்த மேனுஜா அதையே சூடாக்கிப் பருக்கினால் குடிப்பாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தார் அவர். முப்பத்திமூன்று வருடம் குடும்பம் நடத்திய மனிதருடைய மூளை இந்த அளவுக்குத்தான் ஓடியது.

ஆறாம் நாள் பின்னேரம் பக்கத்து வீட்டு நீக்கிலாஸ் வந்தான். நாற்பது வயதிருக்கும், கூச்ச சுபாவம். அன்று தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு முதலில் ஓடி வந்தவன் அவன்தான். உள்ளே வா என்றால் வரவில்லை. வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டான். அதற்கு முந்திய வருடம் நடந்த ஒரு திருட்டுக்குப் பிறகு கார்க் கொட்டகையில் ஒரு கமரா பூட்டினானாம். அது உங்கள் தோட்டத்தின் ஒரு துண்டையும் பிடிக்கிறது, சட்டப்படி கூடாது, நாளைக்கே திருப்பிவிடுகிறேன் என்றான். அன்றைய நெருப்பு அதில் விழுந்திருக்கிறது, காப்புறுதிக்காரர் கேட்கக்கூடும் என்று கனகசபையின் போனுக்கு அனுப்பி வைத்தான்.

“ஆனால் முதலில் நீ பார். தனியாகப் பார்” என்றான் டேனிஷில். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

தனியாக என்ற சொல் கனகசபையின் காதில் விழாமலில்லை. டேனிஷ்காரர் எதையும் தனியாகத்தான் செய்வார்கள், பிறந்தநாள் கேக்கையே தனியாக வெட்டுகிற ஆட்கள் என்று எடுத்துக்கொண்டார். உள்ளே சிவபாதமும் அவர் மனைவி சின்னமணியும் வந்திருந்தார்கள். சிவபாதம் இக்காஸ்ட்டில் அவரோடு ஒரே ஆலையில் நின்றவர், குடும்ப நண்பர். கதை அப்போதுதான் நீல நெருப்புவரை வந்திருந்தது.

“சொல்ல என்ன கிடக்கு. படமே இருக்குதாம். மேனு, இதை ரீவியில போடு பிள்ளை.”

“இப்ப ஏன்?” என்றாள் சுசீலாதேவி. “வேண்டாம்.”

“உமக்குப் பயமெண்டா கண்ணை மூடிக்கொண்டிரும்.”

மேனுஜா போனைப் பெரிய ரீவியோடு இணைத்தாள். படத்தில் தோட்டத்தின் வலது பாதி, ஈரப் புல், கொட்டிலின் கதவு. மேல் மூலையில் நேரம் செக்கன் செக்கனாக ஓடிக்கொண்டிருந்தது. கொட்டில் யன்னலில் மஞ்சள் வெளிச்சம் ஒன்று வெட்டியது. கதவு படாரென்று திறந்தது. வெளியே வந்தது கனகசபை.

பின்னோக்கி வந்தார். இரண்டு கையும் நிம்பஸின் கைபிடியில் இருந்தன. நிலைப்படியில் சக்கரம் முட்டி நின்றது. அப்போது ஒரு குரல் கேட்டது. அந்தக் கமராவில் சத்தமும் பதியும் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

“தள்ளடி. பின்னால நிண்டு தள்ளடி சுசீலா.”

முப்பத்திமூன்று வருடத்தில் அவர் அவளை ஒரு நாளும் ‘அடி’ போட்டுப் பேசியதில்லை. திறந்த கதவுக்குள், தொட்டிலுக்குப் பின்னால், நெருப்பின் வெளிச்சத்தில் கத்தரிப்பூ நிறச் சேலை தெரிந்தது. இரண்டு கை நீண்டு பின்சக்கரத்து மட்காட்டில் பதிந்திருந்தன. அந்த மட்காட்டைச் சுற்றித்தான் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் தள்ளினாள். வண்டி நிலைப்படியைத் தாண்டிக் குதித்து வெளியே வந்தது. பிடிமானம் போனதும் அவள் முகம்குப்புற விழுந்தாள். பிறகு படத்தில் அவளைக் காணவில்லை. புகைதான் தெரிந்தது.

கனகசபை நிற்கவில்லை. வண்டியை வேலியோரம்வரை இழுத்துக்கொண்டு போனார். ஜக்கெட்டைக் கழற்றி மட்காட்டில் எரிந்த சின்ன நெருப்பை அடித்து அணைத்தார். குனிந்து பார்த்தார். பிறகு தன் சேட்டின் முனையால் பெற்றோல் தாங்கியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே பேசினார்.

“பயப்பிடாதை. ஒண்டுமில்லை. ஒண்டுமில்லை.”

அவருக்குப் பின்னால் கதவு நிறையக் கறுத்த புகை. மேல் மூலையில், வண்டி வெளியே வந்ததிலிருந்து, செக்கன்கள் ஓடின. இருபது. இருபத்தைந்து. முப்பது. முப்பத்தெட்டாவது செக்கனில் சுசீலாதேவி வந்தாள். கையை நிலத்தில் ஊன்ற முடியாமல், முழங்கையாலும் முழங்காலாலும் நிலைப்படியைத் தாண்டி ஊர்ந்து வந்தாள். இருமல் சத்தத்துக்குத்தான் படத்திலிருந்த மனிதர் திரும்பினார். ஓடிவந்தார். தோளில் பிடித்து இழுத்துப் புல்லில் விட்டார்.

ஆறு நாளாக அவர் சொன்ன எல்லாம் படத்தில் இருந்தது. கதவு, தோள், புல், வண்டி, ஒண்டுமில்லை ஒண்டுமில்லை. ஒழுங்குதான் வேறு.

படம் ஓடிக்கொண்டே இருந்தது, நீக்கிலாஸ் குழாயோடு ஓடி வந்தான். “ஸ்டொப்” என்று மேனுஜா டேனிஷில் சொன்னாள், தன் கையிலிருந்த போனைப் பார்த்தே சொன்னாள், ஆனால் விரல் எங்கே அழுத்துவதென்று தெரியாமல் நின்றது. சிவபாதம் தன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தொலைத்தவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, ரீவியை நிப்பாட்டு” என்றாள் சின்னமணி கடைசியில்.

“அது நானில்லை” என்றார் கனகசபை. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மடத்தனமான பேச்சென்று அவருக்குப் பட்டது. சிவபாதமும் மனைவியும் எப்போது எழுந்தார்கள், என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்று அவருக்குத் தெரியாது. கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது. சுசீலாதேவியைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினார். நீக்கிலாஸ் சொன்னபடி இப்போதுதான் தனியாகப் பார்த்தார். ஒரு தரம் இல்லை, பதினைந்து இருபது தரம் பார்த்திருப்பார். அவர் தேடியது ஒன்றே ஒன்றைத்தான். அந்த முப்பத்தெட்டு செக்கனில் தன் தலை ஒரு தரமாவது கதவுப் பக்கம் திரும்புகிறதா? பாதியாவது? திரும்பியிருந்தால், அவளை மறக்கவில்லை, பதற்றத்தில் கை ஒன்றும் ஓடவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். தலை திரும்பவில்லை. கையும் நன்றாகத்தான் ஓடியது, ஜக்கெட்டைக் கழற்றி அணைக்கத் தெரிந்திருந்தது. மட்காட்டின் அடியில் குனிந்து பார்க்கத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு தரமும் அதே மனிதர் அதே தாங்கியைத் துடைத்தார். அந்த மனிதரைக் கனகசபைக்கு அறுபத்திரண்டு வருடமாகத் தெரியும். ஆனால் இப்படிப்பட்டவர் என்று தெரியாது. பயமாக இருந்தது. நெருப்பைப் பார்த்தபோதுகூட அப்படிப் பயந்ததாக அவருக்கு நினைவில்லை.

வெளியே வந்தபோது சுசீலாதேவி சோபாவில் அதே மூலையில் இருந்தாள். மேனுஜா மேல்மாடிக்குப் போயிருந்தாள். கனகசபை அவளுக்கு முன்னால், நிலத்தில் இருந்தார்.

“ஏன் சொல்லேல்லை?”

“என்னத்தைச் சொல்லுறது?”

“நான் உம்மை விட்டிட்டு...”

“முதல் நாள் நீங்கள் பொய் சொல்லுறீங்கள் எண்டு நினைச்சன். கோவம் வந்தது. ரெண்டாம் நாள் உங்கட காதைப் பாத்தன். அப்பதான் விளங்கினது, உங்களுக்கு உண்மையாவே தெரியேல்லை. அதுதான் எனக்கு இன்னும் கூடப் பயமாக் கிடந்தது. உங்களுக்கா நினைவு வரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். வாற சனமெல்லாம் உங்களாலதான் நான் உயிரோட இருக்கிறன் எண்டிச்சினம். நான் என்னெண்டு வாயைத் திறக்கிறது?”

அவள் அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. வலித்தால் சத்தம் போடும் என்று நிம்பஸைப் பற்றி முப்பது வருடம் பெருமையடித்தவர், சத்தம் போடாத ஒன்று வீட்டுக்குள் இருப்பதை அன்றுதான் கேட்டார்.

“ஏன் தள்ளினீர்?” என்றார். “விட்டிட்டு வந்திருக்கலாமே.”

“எப்பிடி வாறது? வாசலை அடைச்சுக்கொண்டு அதெல்லோ நிண்டது. அது வெளியில போனாத்தான் நான் வெளியில வரலாம்.”

அதை அவர் யோசித்திருக்கவில்லை. இருபது தரம் படம் பார்த்தும் யோசிக்கவில்லை. தொட்டிலோடு நின்ற அந்த அகலம் கதவை முழுதாக அடைத்திருந்தது. அவர் உள்ளே போய் அவளை இழுத்திருக்க முடியும், வண்டியை அசைக்காமல், மேலால் ஏறி. சேலையோடு நெருப்புக்குள் நின்ற அவளுக்கு மட்டும் வேறு வழியே இருக்கவில்லை. கனகசபை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சின்னப் பிள்ளைபோல, மூக்கால் ஒழுக ஒழுக அழுதார். அவள் பார்த்துக்கொண்டு இருந்தாள். தடவிக் கொடுக்கக் கை இல்லை, இருந்தாலும் கொடுத்திருப்பாளா என்று தெரியாது.

“நாளைக்கே விக்கிறன்” என்றார். “ஹேர்னிங்கில ஒருத்தன் எத்தினை வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறான். இப்பவே அடிச்சுச் சொல்லுறன்.” போனை எடுத்தார்.

“வையுங்கோ போனை.”

“இல்லை சுசீலா, அதை இனி என்ர கண்ணில...”

“விக்க வேண்டாம். அது உதிலயே நிக்கட்டும்.” அவள் கட்டுப் போட்ட கையை யன்னல் பக்கம் தூக்கினாள். வெளியே வேலியோரம் நிம்பஸ் ஒரு தறப்பாளுக்குக் கீழே நின்றது. தறப்பாள் முன்பக்கம் விலகியிருந்தது. முன்விளக்கில் அவள் வைத்த சந்தனப் பொட்டு இன்னும் அழியவில்லை. “நான் இந்தக் கையோட இருக்கத்தானே வேணும். நீங்கள் அதோட இருங்கோ.”

அவர் போனை வைத்தார்.

அடுத்த நாள் பின்னேரம் சூசைதாசன் வந்தான். மட்டக்களப்புப் பொடியன் என்றுதான் கனகசபை இன்றைக்கும் சொல்லுவார், ஆனால் பொடியனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தொழிற்சாலையில் அவரோடு ஒரே குழுவில் நிற்பவன். மனைவி செய்த கேக்கோடும் தோடம்பழத்தோடும் வந்தான். சுசீலாதேவியின் கைகளைப் பார்த்துக் கண் கலங்கினான். அந்தோனியாருக்கு மெழுகுதிரி வைத்ததாகச் சொன்னான். பிறகு எல்லோரையும்போல, இருக்கை நுனிக்கு வந்து கேட்டான்.

“என்ன அண்ணை நடந்தது?”

மேனுஜா குசினி வாசலில் நின்றுவிட்டாள். கனகசபையின் கையில் சுசீலாதேவிக்கென்று ஊற்றிய தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. இவன் சனி ஞாயிறில் தேவாலயத்துக்குப் போகிறவன், அங்கே சொல்லுவான், திங்கட்கிழமை தொழிற்சாலை முழுக்கத் தெரியும். சொல்லாமல் விடலாம். பெற்றோல் பத்தினது, அவ்வளவுதான் என்று முடித்துவிடலாம். அது பொய்யும் இல்லை. அவர் சுசீலாதேவியைப் பார்த்தார். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெற்றோலை வடிச்சு வச்சிட்டுக் கற்பூரம் காட்டச் சொன்னது நான்” என்றார். “கதவைச் சாத்தினதும் நான். பத்தினவுடன நான் வண்டியைத்தான் இழுத்தன், சூசை. இவவை இல்லை. இவவை உள்ளுக்க நிண்டு தள்ளச் சொன்னன். அப்பிடித்தான் கை எரிஞ்சது. வண்டி வெளியில வந்தாப் பிறகு முப்பத்தெட்டு செக்கன் நான் அதைத் துடைச்சுக்கொண்டு நிண்டன். இவ தானாத்தான் ஊர்ந்து வந்தவ.”

சூசைதாசன் ஏதாவது ஆறுதல் சொல்லலாமா என்று தேடினான்போல. கேக் பெட்டியின் மூடியைத் திறந்து, திரும்ப மூடினான். “சரி அண்ணை” என்று மட்டும் மெதுவாகச் சொன்னான். அவன் முகத்தில் இருந்தது அருவருப்பா இரக்கமா என்று கனகசபைக்குத் தெரியவில்லை. இனித் தொழிற்சாலையில் ஒவ்வொரு முகத்திலும் அதைத்தான் பார்க்கப் போகிறோம் என்று விளங்கியது. நிம்பஸ்காரர் என்ற பெயர் இனியும் இருக்கும், வேறு காரணத்துக்காக.

கோப்பையிலிருந்து தேத்தண்ணி சிந்தியது. மேசையில் வைக்கப்போனார்.

“இஞ்சருங்கோ” என்றாள் சுசீலாதேவி. “ஆறப்போகுது. தாங்கோ.”

அவர் புரியாமல் நின்றார். அவள் கழுத்தைக் கொஞ்சம் முன்னே நீட்டினாள். கனகசபை போய் அவள் பக்கத்தில் குந்தி, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து வாயில் வைத்தார். கோப்பை அவளுடைய பல்லில் தட்டியது. ஒரு மிடறு குடித்தாள். இன்னொரு மிடறு குடித்தாள்.

“சீனி காணாது” என்றாள்.

அவர் சீனி எடுத்துவர எழுந்து போனார்.